சேமியாவின் ஏகாதசி

சாயப்பட்டறைத் தணிகாசலத்துக்குத் தன் கண் மேல் அபார நம்பிக்கை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் கற்றையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தே, இன்னும் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். போன தீபாவளிக்குத் தோய்த்த அரக்கு நிற நூலையும் இந்தத் தீபாவளிக்குத் தோய்த்ததையும் கலந்து போட்டால், வெயிலில் ஒரு தரம் தூக்கிப் பிடித்துவிட்டுப் பிரித்துக் கொடுப்பார். "என் கண்ணுக்குத் தப்பாது" என்பது தினமும் நாலு பேரிடமாவது அவர் சொல்கிற பேச்சு. நூல் விஷயத்தில் அது பொய்யும் இல்லை. அந்தக் கண் வேறு எதற்கெல்லாம் உதவாது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வீட்டில் ஒரு முயல் இருந்தது. பெயர் சேமியா. மகள் ஜெயப்ரியா ஏனாத்தூரில் படித்தபோது, ஹாஸ்டல் தோழி ஒருத்தி ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கையில் திணித்துவிட்டுப் போன ஜீவன். ஜெயப்ரியா அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மீசை வறுத்த சேமியா மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்தவள் தணிகாசலத்தின் மனைவி காந்தா.

முயலைப் படித்த மாதிரி காந்தா பள்ளிக்கூடத்தில் பாடத்தைப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாள். அது பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து விழும். பார்த்தவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள். "நிம்மதியா இருக்குது, அதான் அப்படிப் படுத்துக்கினு இருக்குது" என்பாள். பின்னங்காலால் தரையைத் தட்டினால், வாசலில் நாய் வந்திருக்கும் என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். சோற்றுக் குண்டானில் மோவாயைத் தேய்த்தால், "இது என்னுதுன்னு பட்டா போடுது" என்று சிரிப்பாள். தணிகாசலம் இட்லியைப் பிட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டுவார்.

ஒரு நாள் சேமியா அவள் மடியில் கண் செருகி உட்கார்ந்திருந்தது. "கிட்ட வந்து கேளுங்க. பல்லை மெதுவா கடிக்குது பாருங்க. தடவிக் கொடுத்தா சந்தோஷத்துல இப்படிப் பண்ணும்" என்றாள் காந்தா. அவர் குனிந்து கேட்டார். லேசான ஒரு கடகடப்பு. அதன் பிறகு அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அதற்குள் பட்டறையிலிருந்து போன் வந்துவிட்டது. எழுந்து போனவர், திரும்பி வந்து அது என்ன என்று கேட்கவில்லை.

போன மாசியில் காந்தா இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. கண்டுபிடித்த நாற்பத்தெட்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜெயப்ரியா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள், அந்த ஒரு கேள்வியும் தவறாமல் வரும்.

"அம்மா ஒரு தடவகூடவாப்பா உங்கிட்ட சொல்லல?"

"ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பனா நானு?"

இதை அவர் மனதாரச் சொன்னார். பத்து மாதம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு மனப்பாடமாகியும் விட்டது.

தெருவில் காந்தாவுக்கு விரதக்காரி என்று பேர். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை எதையும் விடமாட்டாள். கடைசி வருஷம் அதோடு சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் சேர்ந்துகொண்டன. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள், "முகத்துல இன்னா தேஜஸ் பாரு, விரதம் இருக்கறவங்க முகமே தனி" என்று நாலு பேரிடம் சொன்னாள். தணிகாசலத்துக்கும் உள்ளூரப் பெருமைதான். நாக்கைக் கட்டத் தெரியாத அவருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி.

அவள் போன பிறகு, அவள் கையால் வளர்ந்தது என்று வீட்டில் மிஞ்சியது சேமியா மட்டும்தான். தணிகாசலம் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார், அதாவது அவருக்குத் தெரிந்த அளவுக்கு. காந்தா எங்கிருந்தோ காய்ந்த புல் கட்டு வாங்கிப் போடுவாள். எங்கே என்று அவருக்குத் தெரியாது. அவர் கேரட் போட்டார், பிஸ்கட் போட்டார். மார்கழி பிறந்ததும் கோயில் பொங்கல் தெருவில் வீட்டுக்கு வீடு வர, ஒரு உருண்டையை அதன் தட்டிலும் வைத்தார். சேமியாவும் தின்றது. பெருமாள் பிரசாதம் யாரை என்ன செய்துவிடப் போகிறது?

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது தட்டில் வைத்த கேரட் வைத்தபடியே கிடந்தது. சேமியா மூலையில் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் வரவில்லை. துவாதசிச் சமையலுக்குப் பருப்பு கடன் வாங்க வந்த பட்டம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, சாப்பிடலியா அது?"

"மத்தியானத்துலேந்து தொடவே இல்லக்கா."

பட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தசமிப்பா இன்னிக்கு! தசமிக்கு ஒரு வேளைதான. மத்தியானத்தோட நிறுத்திக்கணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? காந்தா வளத்ததாச்சே!"

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு கோணம் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் ஏகாதசி. விடிவதற்குள் பாதித் தெரு அட்டபுயக்கரம் கோயிலில் சொர்க்கவாசல் வழியாக நுழைந்துவிட்டு வந்திருந்தது. திரும்பி வந்தவர்களிடம் பட்டம்மாள் சேதி சொன்னாள். அடுத்த அரை மணியில் தணிகாசலம் வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. சேமியா கூனிக்குறுகி, நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது.

"தியானம்" என்றார் ஒருவர்.

கொஞ்ச நேரத்தில் அது உடம்பை நீட்டி, வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்தது. பிறகு எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், மறுபடியும் அதேபோல் அழுத்திப் படுத்தது. கோயில் எந்தத் திசை என்று யாரோ கணக்குப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சரியாக இல்லாவிட்டால் வேறொரு கோயிலைச் சொல்லியிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கோயில் பார்த்துத்தானே விழ வேண்டும்.

"சாஷ்டாங்கமா சேவிக்குது மாமா!" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான் சிட்டிபாபு. எதிர்வீட்டுத் தறிக்காரர் மகன். நெசவு நேரம் போக மீதி நேரத்தில் வீடியோ எடுத்துப் போடுகிறவன். "மாமா, நீங்க பக்கத்துல குந்துங்க. அத்தை பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

தணிகாசலம் உட்கார்ந்தார். சொன்னார். ரெண்டு வார்த்தை இருபதாயிற்று. காந்தா எத்தனை வருஷம் விரதம் இருந்தாள், கடைசி ஏகாதசியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்படி இருந்தாள், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, பத்து மாதமாக வெறிச்சோடிக் கிடந்த வீட்டில் அவள் எழுந்து நடமாடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. வெட்கமில்லாமல் அழுதார். சந்தோஷமாகவே அழுதார்.

"வூட்டைப் பாருங்க" என்றாள் பட்டம்மாள், கூட்டிப் பெருக்கப் போனவள். "காலையிலேந்து ஒரு புழுக்கை போடல. ஒண்ணு இல்ல! இன்னா ஆச்சாரம்!"

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது அவர் சேமியாவின் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் படுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நற நற என்று, விட்டு விட்டு. பல்லைக் கடிக்கிறது, சந்தோஷத்தில் கடிக்கும் என்று காந்தா சொல்லியிருக்கிறாளே. சிட்டிபாபுவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவன் போனை அதன் வாயருகே வைத்துப் பதிவு செய்துகொண்டு, "நாமம் சொல்லுது மாமா" என்றான். சாயங்காலத்துக்குள் அந்தச் சத்தத்தைத் திருப்புட்குழி வரைக்கும் கேட்டுவிட்டார்கள்.

துவாதசி காலையில் விரதத்தை முடிக்க ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் அகத்திக்கீரை சாப்பிட்டு முடித்தால்தான் இருந்த விரதம் விரதம். பட்டம்மாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு கட்டு அகத்தியோடு வந்துவிட்டாள். சிட்டிபாபு போனோடு வந்தான். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். முயல் பாரணை செய்வதைப் பார்க்காமல் தாங்களும் சாப்பிடுவதில்லை என்று சிலர் பட்டினியோடு நின்றார்கள்.

தணிகாசலம் கீரையைக் கழுவி, இளம் கொழுந்தாக நாலு கிள்ளி, சேமியாவின் வாயருகே வைத்தார். சேமியா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைப்பா."

வைத்தார். அது சுவர் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"மணி ஆவுது, நேரம் தாண்டினா விரதம் வீணாப் பூடும்" என்றாள் பட்டம்மாள், முயலுக்குப் புரியும் என்கிற மாதிரி.

அதன் காதைத் தொட்டார் தணிகாசலம். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் காது, காலையில் அடுப்பு மூட்டாத அண்டா மாதிரி சில்லென்று இருந்தது. விரதம் இருக்கிறவர்கள் மறுநாள் ஆவலோடு சாப்பிடுவார்கள். இங்கே நிற்கிற இத்தனை பேர் வாயிலும் எச்சில் ஊறிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது விரதத்தில் சேருமா?

போன வருஷமும் ஒருத்தி திருப்பிக்கொண்டாள்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. கொடியில் கிடந்த காந்தாவின் பழைய நூல் புடவையை இழுத்தார். சேமியாவை அதில் சுற்றினார்.

"எங்க மாமா தூக்கினு போறீங்க? வீடியோ ஓடிக்கினு இருக்குது!"

"த்தூ, வழியை வுடுடா!"

யாரையும் அப்படிப் பேசியறியாதவர். கூட்டம் விலகியது.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கால்நடை மருத்துவர் சுகாசினி தனியாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முயலை மேஜையில் வைத்து, வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"கடைசியா எப்போ சாப்ட்டுது?"

"தசமி மத்தியானம்மா."

"கிழமை சொல்லுங்க சார்."

"திங்கக்கிழமை."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இன்னிக்குப் புதன்கிழமை. முயல் அரை நாள் சாப்பிடலன்னாலே உசுருக்கு ஆபத்து சார். குடல் நின்னுடும். ரெண்டு நாளா பாத்துக்கினா இருந்தீங்க?"

ஹீட்டரைப் போட்டாள். தோலுக்கடியில் மருந்தையும் வெதுவெதுப்பான குளுக்கோஸையும் ஏற்றினாள். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் கேட்டுக்கொண்டே போனது.

"புல் போடறீங்களா?"

"இல்லம்மா. பொங்கல்... கொஞ்சம்."

"புழுக்கை போட்டுதா?"

"நேத்துலேந்து இல்ல."

"வயித்தைத் தரையில அழுத்தி அழுத்திப் படுத்துதா?"

"படுத்துச்சு. கோயிலைப் பாத்து..."

"பல்லைக் கடிச்சுதா?"

"கடிச்சுது. அது சந்தோஷத்துலன்னு எங்க வூட்ல சொல்லுவாங்க."

"மெதுவா கடிச்சா சந்தோஷம் சார். நறநறன்னு வெளில கேக்கற மாதிரி கடிச்சா வலி தாங்கலன்னு அர்த்தம்." அவள் சேமியாவின் தலையைத் தடவினாள். "இதுங்க கத்தாது. காட்டுல நோவுன்னு காட்டிக்கிச்சுன்னா ஏதாவது ஒண்ணு வந்து தின்னுடும். அதனால அடங்கி ஒரு மூலைல உக்காந்துடும். பாக்கறவங்கதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

போன் வந்ததால் கேட்காமல் விட்ட மீதிப் பாதி இதுதான் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது. காந்தா அன்று சொல்லி முடித்திருப்பாள், ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்து.

அந்தச் சத்தம் அவர் ஏற்கெனவே கேட்ட சத்தம். போன வருஷம் மத்தியான வேளைகளில், சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்திருப்பார். கீழே பாயில் சுவர் பக்கம் திரும்பிக் காந்தா ஒருக்களித்துப் படுத்திருப்பாள், முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு. நற நற. "வயித்துல பூச்சியா உனக்கு? சின்னப் புள்ளையாட்டம் பல்லைக் கடிக்கிற, மாத்திரை வாங்கியாரட்டா?" என்று கேலி செய்திருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை மாசமா இவங்க சாப்பாடு குறைஞ்சுது?" என்று கேட்டபோது, "அவ விரதக்காரிங்க டாக்டர்" என்று பதில் சொன்னதும் இவர்தான். அதையும் ஒரு பெருமையோடுதான் சொன்னார். அந்த டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று இத்தனை மாதமாகத் தெரியாமலே இருந்தது.

ஒன்பதே கால் மணிக்குச் சேமியா ஒரு தடவை காலை உதைத்துக்கொண்டது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. நிம்மதியாக இருக்கிறது என்று காந்தா சொல்லும் அதே சாய்வு. தணிகாசலம் ஒரு கணம் நம்பிக்கூட விட்டார். சுகாசினி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "போயிடுச்சு சார்" என்றாள்.

வீட்டு வாசலில் தெருவே நின்றது. புடவைச் சுருணையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். பட்டம்மாள் தட்டில் கற்பூரமும் துளசி மாலையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"துவாதசி, பாரணை வேளை! எந்த ரிஷிக்குக் கெடைக்கும் இந்தச் சாவு? நேரா வைகுண்டம்பா. அழாத."

"மாமா, மாலை போட்டு ஒரே ஒரு ஷாட்" என்றான் சிட்டிபாபு. "எல்லாரும் கேக்கறாங்க, இன்னா ஆச்சுன்னு."

"வயித்து வலில செத்துப்போச்சுன்னு போடு" என்றார் தணிகாசலம்.

"அபசகுனமா பேசாதப்பா" என்றாள் பட்டம்மாள். "காந்தா மாதிரியே புண்ணிய ஆத்மா அது. அவ இருந்த விரதம்..."

"காந்தாவும் வயித்து வலிலதான் செத்தாக்கா." அவர் குரல் உயரவில்லை. "அவ ஒண்ணும் விரதம் இல்ல. சாப்பிட முடியல அவளால. நீங்க தேஜஸ்னீங்க. நானும் ஆமான்னேன்."

பட்டம்மாளின் கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. சிட்டிபாபு போனைப் பைக்குள் போட்டான். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

பின்கட்டு மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் தணிகாசலம் தானே குழி தோண்டினார். புடவையோடு வைத்து மூடினார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, காலையில் வைத்த அகத்திக் கொழுந்து தரையில் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஜெயப்ரியாவுக்குப் போன் போட்டார்.

"இன்னாப்பா, இந்நேரத்துக்கு? ஆபீஸ்ல இருக்கேன். வீடியோ பாத்தேன், சேமியாவுக்கு..."

"செத்துடுச்சும்மா."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை; நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்திருந்தது.

"நீ வாரா வாரம் கேப்பியே, அம்மா ஒரு தடவகூட சொல்லலியான்னு. சொன்னாம்மா. போன வருஷம் இதே துவாதசி அன்னிக்குச் சொன்னா. எனக்கு எலை போட்டுட்டு அவளும் பக்கத்துல குந்தினா. ஒரு வாய் வெச்சா. 'இன்னிக்கும் எறங்கலங்க'ன்னு சொல்லி எலையை எம்பக்கம் தள்ளிட்டு மூஞ்சத் திருப்பிக்கினா."

"நீ இன்னாப்பா சொன்ன?" என்று கேட்டாள் ஜெயப்ரியா.

"கீரை நல்லா இருக்குதுன்னு சொன்னேம்மா. அவ பங்கையும் நானே சாப்ட்டேன்."